மாத்திரை முடிந்த மறுநாள்

(மத்தூரில் நடந்த மாலைக் கூட்டம் ஒன்றில், பணி ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீண்ட நாள் நோயில் கிடந்து எழுந்தவர்கள் மறுபடி ஓடத் தொடங்குவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைப்பைக் கேட்டதும் வாசலில் ஒரு பெரியவர், "ஓட்டமெல்லாம் பெங்களூர்க்காரங்களுக்குச் சரி, மாந்தோப்புல வேலை செய்யறவனுக்கு எதுக்குங்க?" என்றார். அவருக்குப் பதில் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். மத்தூரிலும் ஊத்தங்கரையிலும் போச்சம்பள்ளியிலும் விடியற்காலை ரோட்டில் ஓடுகிற பையன் தொப்பை குறைக்க ஓடவில்லை, வேலைக்காக ஓடுகிறான். காவலர் உடல்தகுதித் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். 400 மீட்டர் மைதானத்தில் ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி, அதே வேகத்தில் மூன்றே முக்கால் சுற்று. நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அரசு வேலையின் கதவு அந்த 7 நிமிடத்தில்தான் இருக்கிறது. என்னிடம் படித்த எத்தனையோ பேர் அப்படி ஓடிப் போலீஸ் ஆனார்கள், ராணுவத்துக்குப் போனார்கள். அப்படி ஓடிக்கொண்டிருந்த பிள்ளை நடுவில் நோயில் விழுந்தால் என்ன ஆகிறது என்பதைத்தான் பேசப் போகிறேன்.

டைபாய்டு, டெங்கு, மாதக்கணக்கில் மூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சிக்குன்குனியா, கொரோனா என்று ஆளைச் சாய்க்கும் நோய்கள் பல. நான் காசநோயையே எடுத்துக்கொள்கிறேன். எனக்கு வந்தது அதுதான். இந்த மாவட்டத்துக்கு அதைப் பற்றிப் பேச வேறு காரணமும் உண்டு. கிருஷ்ணகிரி கிரானைட் பெயர் பெற்றது. கல்லை அறுக்கும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசிப்பவருடைய நுரையீரலில் அது படிந்து சிலிகோசிஸ் வருகிறது. சிலிகோசிஸ் வந்தவரைக் காசநோய் பிடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். குவாரியில் வேலை பார்த்துவிட்டு இருமிக்கொண்டே வீட்டுக்கு வருகிறவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள்.

காசநோய்க்குச் சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து, தினமும். இதெல்லாம் இலவசம். சத்தான உணவுக்காக மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டுவந்தார்கள். 2024 நவம்பரிலிருந்து அது 1000 ரூபாய். தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் ஒரு நல்ல வழக்கம் வந்தது. நோய் உறுதியானதும் நோயாளியிடம் சில விஷயங்களைப் பார்க்கிறார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு, காலில் வீக்கம் உண்டா, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு விடுகிறார், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, யாரும் பிடித்துக்கொள்ளாமல் எழுந்து நிற்க முடிகிறதா. இவற்றில் மோசமாக இருப்பவரை வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்த்துக்கொள்கிறார்கள். ரத்தப் பரிசோதனையும் வேண்டாம், பெரிய இயந்திரமும் வேண்டாம். ஓர் உயிரைக் காப்பாற்றும் முடிவை ஐந்து நிமிடத்தில் எடுக்க முடிகிறது. அதை வகுத்தவர்களை நான் மனதார வணங்குகிறேன்.

முதல் நாள் "நிற்க முடிகிறதா?" என்று கேட்கிறோம். ஆறு மாதம் கழித்துக் கடைசி மாத்திரை விழுங்குகிற நாளில், "நடக்க முடிகிறதா? மாடி ஏற முடிகிறதா? முன்போல ஓட முடிகிறதா?" என்று யார் கேட்கிறார்கள்? சளியில் கிருமி இல்லை, சிகிச்சை முடிந்தது, கையெழுத்து ஆயிற்று. கிருமி செத்த நாளும் உடம்பு திரும்பிய நாளும் ஒன்று என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைக் கடக்க மாத்திரை கிடையாது. கால்கள்தான் கடக்க வேண்டும். அதற்கும் ஓர் அளவு உண்டு, வேளை உண்டு. எனக்கு இன்று சொல்ல இருப்பது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

ஊரில் இரண்டு வழக்கங்களைப் பார்க்கிறேன். முதலாவது வீட்டில் நடப்பது. "நெஞ்சில் நோய் வந்த உடம்பு, இனி ஓடவே கூடாது, வெயிலில் போகாதே, கனம் தூக்காதே" என்று அம்மாவும் பாட்டியும் பையனைக் கட்டிலிலேயே வைத்துக்கொள்வார்கள். அது அன்பு. அந்த அன்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பேச்சு வந்த இடம் மிகப் பழையது. மருந்தே இல்லாத காலத்தில் காசநோய்க்கு வைத்தியம் என்றால் படுக்கையும் காற்றும் பாலும்தான். தாம்பரத்தில் டாக்டர் சவுரிமுத்து 1928-ல் தொடங்கிய சானடோரியம் அந்தக் காலத்தைச் சேர்ந்தது. இன்றும் அந்த ரயில் நிலையத்தின் பெயரில் சானடோரியம் இருக்கிறது. அன்று ஓய்வு தவிர வேறு ஆயுதம் இல்லை. அந்த அறிவு நம் வீடுகளில் மூன்று தலைமுறையாகத் தங்கிவிட்டது.

அந்தக் காலத்திலேயே ஒருவர் மாற்றி யோசித்தார் என்பது எனக்கு வியப்பு. இங்கிலாந்தில் பிரிம்லி என்ற ஊரில் 1905-ல் திறந்த சானடோரியத்துக்குப் பொறுப்பாக இருந்த மார்கஸ் பேட்டர்சன். சானடோரியத்தில் பல மாதம் படுத்திருந்து தேறியவர்கள் கூலி வேலைக்குத் திரும்ப முடியாமல் தவிப்பதைப் பார்த்தார். காய்ச்சல் விட்டவர்களைக் கொஞ்ச தூரம் நடக்க வைத்தார். அதைச் சிறுகச் சிறுகக் கூட்டி ஒரு நாளைக்குப் பத்து மைல் வரை கொண்டுபோனார். பிறகு மண் கூடை, சிறிய மண்வெட்டி, பெரிய மண்வெட்டி, கடைசியாகக் குந்தாலி வேலை. உடம்பு கொஞ்சம் சூடு கண்டாலும் மறுபடி படுக்கைதான். ஒரு படி ஏறி, உடம்பு என்ன சொல்கிறது என்று பார்த்து, பிறகு அடுத்த படி. மருந்து இல்லாத அந்த மனிதருக்கு இது தெரிந்திருந்தது.

ஓய்வின் மேல் உலகம் வைத்திருந்த நம்பிக்கையை மாற்றிய ஆராய்ச்சி நடந்ததோ நம் சென்னையில். 1956-ல் சென்னை காசநோய் மருந்து சிகிச்சை மையத்தில் அது தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. வாலஸ் பாக்ஸ் என்ற மருத்துவர் தலைமை தாங்கினார். சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் சானடோரியத்துக்குப் போனார்கள், பாதிப் பேர் வீட்டிலேயே இருந்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஓர் ஆண்டு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, நல்ல காற்று, முழு ஓய்வு. வீட்டில் இருந்தவர்களுக்கு ஒண்டுக்குடித்தன அறை, அரைவயிறு, எழுந்து வேலை பார்த்தே ஆக வேண்டிய கட்டாயம். 1959-ல் முடிவு வெளியானது. நோய் குணமானதில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. படுக்கையில் கிடந்தவர்களுக்கு எடை இன்னும் அதிகமாகக் கூடியிருந்தது, அவ்வளவே. நோயைப் போக்கியது மருந்துதான். உலகம் முழுவதும் சானடோரியங்களின் கட்டில்கள் காலியாவதற்கு இந்த ஆராய்ச்சி ஒரு பெரிய காரணம். அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. சேத்துப்பட்டு உலகத்துக்குச் சொன்ன செய்தி மத்தூரில் நம் பாட்டிகளின் காதுக்கு இன்னும் வந்து சேரவில்லையே என்று எனக்கு வருத்தம்.

இரண்டாவது வழக்கம் இதற்கு நேர் எதிர். மாத்திரை முடிந்த மறுநாளே ஷூவை மாட்டிக்கொண்டு பையன் ரோட்டுக்குப் போய்விடுவான். மனதில் இருப்பது நோய்க்கு முன்பு ஓடிய 7 நிமிடம். தேர்வு அறிவிப்பு எப்போது வருமோ என்ற பயம். முதல் சுற்றிலேயே மூச்சு முட்டும், கண் இருட்டும். உட்கார்ந்து அழுவான். "சார், என் நுரையீரல் போயிடுச்சு" என்பான். அப்படி என் எதிரில் அழுத பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒரு கதை.

1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், இருபது வயதுள்ள ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். அவர்களுக்கு நோய் எதுவும் கிடையாது. வெறும் படுக்கை. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. முப்பது ஆண்டு கழித்து, ஐம்பது வயதில் அதே ஐவரையும் கூப்பிட்டு மறுபடி சோதித்தார்கள். முப்பது ஆண்டு வயதானதில் இழந்ததைவிட, அன்று மூன்று வாரம் படுத்ததில் இழந்ததுதான் அதிகம். ஆக, மூச்சு முட்டுவது என்றால் உடனே நுரையீரல் போய்விட்டது என்று பொருளில்லை. படுத்திருந்தாலே ரத்தத்தின் நீர் அளவு குறைகிறது, இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் குறைகிறது, தொடைத் தசை கரைகிறது. நோயே இல்லாத இருபது வயதுப் பையனுக்கு மூன்று வாரத்தில் இது நடந்தது என்றால், காய்ச்சலிலும் பசியின்மையிலும் மாதங்களைக் கழித்தவனுக்கு எவ்வளவு நடந்திருக்கும்?

நல்ல செய்தியும் அதே ஆராய்ச்சியில் இருக்கிறது. பயிற்சி கொடுத்ததும் ஐவருக்கும் இழந்த திறன் திரும்பியது. ஐம்பது வயதிலும் ஆறு மாத நிதானமான பயிற்சியில் இருபது வயதின் நிலையை ஏறக்குறைய எட்டினார்கள். ஆனால் ஓடுகிற தம்பிகள் கவனிக்க வேண்டிய ஒன்று. முதல் முறை படுக்கையிலிருந்து எழுந்தபோது, பழக்கமில்லாதவர்கள் தங்கள் பழைய நிலைக்குச் சீக்கிரம் வந்துவிட்டார்கள். முன்பே ஓடிப் பழகியவர்களுக்குத்தான் அதிக நாள் ஆனது. இறங்கி வந்த உயரம் அதிகம், ஏறவும் அதிகம். நன்றாக ஓடியவனுக்குத்தான் நோய்க்குப் பிறகு பொறுமை கூடுதலாக வேண்டும். அவனுக்குத்தான் அது குறைவாக இருக்கிறது.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலையில் இருக்கும்போதே எனக்கு நோய் வந்தது. பிள்ளைகளை ஓடச் சொல்லி விசில் ஊதியவன், விசில் ஊதவே மூச்சில்லாமல் நின்றேன். சிகிச்சை முடிந்து முதலில் ஓடியது பள்ளி மைதானத்தில், ஒரு கோல்போஸ்ட்டிலிருந்து இன்னொரு கோல்போஸ்ட் வரை. அதை ஓட்டம் என்று எந்தப் பிள்ளையும் ஒப்புக்கொண்டிருக்காது. எனக்கு உதவியது ஒன்றுதான். என்னிடம் ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளையிடம் நான் என்ன எதிர்பார்ப்பேனோ அதை மட்டும் என்னிடம் எதிர்பார்த்தேன். பழைய ஓட்டக்காரனை மைதானத்துக்கு வெளியே உட்கார வைத்துவிட்டேன்.

இனி, எப்படித் தொடங்குவது.

ஓட்டத்துக்கு முந்திய படிகள் ஓட்டத்தைவிட முக்கியம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார முடிகிறதா? முடியவில்லை என்றால் அதுவே உங்கள் பயிற்சி. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கி வைத்தது நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். முடக்குவாதம் வந்தவருக்கு மட்டும்தான் அவர் என்று நினைக்காதீர்கள். நீண்ட நோயில் தசை கரைந்தவருக்கும் எப்படி எழுவது, எப்படி நடப்பது, எப்படி மூச்சை இழுத்து விடுவது என்று அவர் சொல்லித் தருவார். கேளுங்கள்.

அடுத்தது நடை. அரை மணி நேரம் வேகமாக நடந்து, பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். அது முடிகிற வரைக்கும் ஓட்டத்தை நினைக்க வேண்டாம். ஒரு வாரத்தில் முடியலாம், இரண்டு மாதமும் ஆகலாம். மருத்துவமனையில் ஆறு நிமிட நடைச் சோதனை என்று ஒன்று உண்டு. நீளமான வராந்தாவில் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், அப்போது ஆக்சிஜன் அளவு இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். காசநோயிலிருந்து எழுந்தவர் ஓடத் தொடங்குமுன் இதைச் செய்துகொள்வது நல்லது. குவாரியில் வேலை பார்த்தவர் கட்டாயம் செய்துகொள்ள வேண்டும்; மூச்சுத் திறன் அளக்கும் சோதனையும் சேர்த்து. கிருமி போன பிறகும் சிலருக்கு நுரையீரலில் தழும்பு நிற்கும், மூச்சுக்குழல் விரிந்தே இருந்துவிடும். அவர்களும் உடற்பயிற்சி செய்யலாம், செய்ய வேண்டும். ஆனால் மருத்துவர் சொல்லும் அளவில்.

பிறகு ஓட்டம். ஐந்து நிமிடம் நடங்கள். ஒரு நிமிடம் மெல்ல ஓடுங்கள், இரண்டு நிமிடம் நடங்கள். இப்படி ஆறு முறை. கடைசியில் ஐந்து நிமிடம் நடை. வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதல் இரண்டு வாரம் இதைக் கூட்டவே கூடாது, எவ்வளவு சுலபமாக இருந்தாலும். உலகம் முழுக்கப் புதியவர்கள் பின்பற்றும் ஒரு திட்டத்தை 1996-ல் ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் எழுதினார். ஒன்பது வாரத்தில் ஐந்து கிலோமீட்டர். அதன் முதல் வாரமும் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடைதான். அது நலமாக இருக்கிறவருக்கு எழுதியது. நோயிலிருந்து எழுந்தவர் அந்த ஒன்பது வாரத்தைப் பதினெட்டு வாரமாக ஆக்கிக்கொள்ளட்டும் என்பது என் கருத்து. நடுவில் நடப்பதற்கு வெட்கப்படாதீர்கள். ஜெப் கேலோவே 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். ஓட்டமும் நடையும் கலந்த முறையைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்.

வேகம்? பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம். ஸ்டாப் வாட்சைப் பெட்டிக்குள் வையுங்கள். ஏன் இவ்வளவு மெதுவாக என்றால், மூச்சும் இதயமும் சில வாரங்களில் தேறிவிடும், தசையும் ஓரளவு தேறும். எலும்பும் தசைநாரும் மாதக்கணக்கில்தான் தேறும். "இப்போ ஓட முடியுதே சார்" என்று மூன்றாவது வாரத்தில் வேகம் கூட்டுகிறவன்தான் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி என்று ஐந்தாவது வாரத்தில் நொண்டிக்கொண்டு வருகிறான். வற்றிய கிணற்றில் ஊற்று ஊறத் தொடங்கியதுமே மோட்டார் போட்டால் சேறுதான் வரும் என்று இந்த ஊர் விவசாயிக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

மாத்திரையின் தடங்கள் சில உண்டு, ஓடுகிறவர் தெரிந்திருக்க வேண்டும். ஐசோனியாசிட் சிலருக்கு உள்ளங்காலில் மதமதப்பும் எரிச்சலும் தரும். அதற்காகத்தான் பி6 வைட்டமின் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பாதம் மரத்திருந்தால் கல் குத்தியதும் தெரியாது, கொப்புளமும் தெரியாது. வெறுங்காலோடு ஓடாதீர்கள், ஓடி முடித்ததும் பாதத்தைப் பாருங்கள். பைரசினமைடு முதல் இரண்டு மாதங்களில் மூட்டு வலி தரலாம். எத்தாம்பூட்டால் அபூர்வமாகப் பார்வையை மங்கவைக்கும். சிவப்பும் பச்சையும் குழம்பினால் அன்றே மருத்துவரிடம் போங்கள். இவற்றுக்காக யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அது நோயை மருந்துக்கு அடங்காததாக ஆக்கிவிடும்.

எப்போது நிற்பது? சளியில் ரத்தம், நெஞ்சு வலி, மயக்கம், படபடப்பு, மாலையில் மறுபடி காய்ச்சல் என்று எது வந்தாலும் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்னொன்று மறைவாக வரும். ஓடிய அன்று நன்றாக இருக்கும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ எழுந்திருக்கவே முடியாத அயர்ச்சி வரும், தூங்கினாலும் போகாது. கொரோனாவுக்குப் பிறகு பலருக்கு இப்படி இருந்தது. இவர்களிடம் "சோம்பல் பட்டால் ஆகாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு" என்று சொல்வது தீங்கு. நாள்பட்ட அயர்ச்சி நோய்க்கு உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சை வேண்டாம் என்று 2021-ல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பே மாற்றிக்கொண்டது. அப்படிப்பட்டவர் தம் உடம்பு தாங்கும் அளவுக்குள் நின்றுகொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். நான் சொன்ன கணக்கு அவர்களுக்கானதல்ல.

எங்கே ஓடுவது என்பது நம் ஊரில் பெரிய கேள்வி. திருவண்ணாமலை போகிற நெடுஞ்சாலை ஓரத்தில் ஓடாதீர்கள். இருட்டு, டிப்பர் லாரி, தூசி, புகை. தேறிவருகிற நுரையீரலுக்கு இவற்றைவிடக் கெட்டது இல்லை. தோப்புகளுக்கு நடுவே போகும் மண் பாதை நல்லது, காலுக்கும் மெத்து. குப்பை கொளுத்தும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். நைட் ஷிப்ட் பார்த்தவர் அன்று காலை ஓட வேண்டாம், முதலில் தூங்குங்கள். தங்கைமார்களுக்கு இடம் கிடைப்பது இன்னும் கடினம். விடியலில் தனியாக ஓடும் பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கிறது என்று எனக்குத் தெரியும். பள்ளி மைதானங்களைக் காலை ஐந்தரை முதல் ஏழு வரை ஊருக்குத் திறந்துவிடக் கேட்டு ஊராட்சி மன்றத் தலைவர்கள் கடிதம் எழுத வேண்டும். ஒரு விளக்கும் ஒரு குடிநீர்க் குழாயும் போதும். 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளை அரசு அறிவித்தது. அதன் பின்னால் இருந்தவர் அப்போது மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியன். 2004-ல் சாலை விபத்தில் காலில் பலத்த அடிபட்டவர், சர்க்கரை நோயும் உள்ளவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு நீண்ட தூரம் ஓட ஆரம்பித்து, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மராத்தான்களை ஓடி முடித்தார். ஒவ்வொன்றும் 21 கிலோமீட்டர். கட்சி எதுவாக இருந்தாலும் அந்தக் கால்களை நான் மதிக்கிறேன். மாவட்டத் தலைநகருக்கு ஒரு பாதை வந்தால் ஒன்றியத் தலைநகருக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்பது நம் வேலை.

ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் பர்கூரிலும் கம்பெனிகளில் மேற்பார்வை செய்கிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். நோயிலிருந்து திரும்பும் தொழிலாளியிடம் 'ஃபிட்' சர்டிபிகேட் கேட்கிறீர்கள், சரி. சர்டிபிகேட் வந்த அன்றே எட்டு மணி நேரம் நிற்கிற லைனில் போடாதீர்கள். இரண்டு மாதம் உட்கார்ந்து செய்யும் வேலையும் பகல் ஷிப்டும் கொடுங்கள். மருந்து சரியாக வேலை செய்யத் தொடங்கிய சில வாரங்களிலேயே பெரும்பாலோரிடமிருந்து நோய் பரவுவது நின்றுவிடுகிறது. ஆறு மாதம் முடித்து வந்தவரைக் கேன்டீனில் தனி மேசையில் உட்கார வைப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

முன்னாலேயே சில சீட்டுகள் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டுக்கு மட்டும் பதில் சொல்லி முடிக்கிறேன்.

"மாத்திரை சாப்பிடும்போதே ஓடலாமா?" முதல் இரண்டு மாதம் ஓட்டம் வேண்டாம். காய்ச்சல் நின்று பசி திரும்பியதும் வீட்டைச் சுற்றி நடங்கள். எடை ஏறத் தொடங்கி, மருத்துவரும் சரி என்றால், மூன்றாம் மாதத்திலிருந்து வேக நடை. ஓட்டம் ஆரம்பிப்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். தேர்வுக்காக ஓடுகிற தம்பி, இந்த ஆண்டுத் தேர்வு தவறினால் தவறட்டும். வயது வரம்புக்குள் இன்னொரு தேர்வு வரும்.

இன்னொரு சீட்டு ஒரு தாய் எழுதியது. மகள் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறாள், சிகிச்சை முடிந்துவிட்டது, ஆள் ரொம்ப மெலிந்திருக்கிறாள், ஓட வேண்டும் என்கிறாள், ஓடினால் இன்னும் மெலிந்துவிட மாட்டாளா?

அம்மா, நீங்கள் பயப்படுவது சரிதான். ஜார்க்கண்டில் 2019 முதல் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்ற மருத்துவத் தம்பதியர் ஒரு பெரிய ஆராய்ச்சி நடத்தினார்கள். 2,800 காசநோயாளிகளுக்கு ஆறு மாதம் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் வீட்டுக்கே கொடுத்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் ஐந்து சதவீதம் எடை கூடியவர்களிடம் இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்களுடைய குடும்பத்தாருக்கும் உணவு கொடுத்த வீடுகளில் புதிதாக நோய் வருவதே சுமார் 40 சதவீதம் குறைந்தது. சோற்றுக்கு அவ்வளவு வலிமை. அதனால் உங்கள் மகளுக்கு முதலில் எடை. நம்ம ஊர் களியே போதும், கூடவே தினம் இரண்டு முட்டை, ஒரு கைப்பிடி நிலக்கடலை, கொள்ளோ காராமணியோ ஒரு கிண்ணம். ஓடுகிற நாளில் ஓடி முடித்த அரை மணிக்குள் ஏதாவது சாப்பிட வேண்டும், வெறும் டீயோடு பஸ் ஏறக் கூடாது. வாரம் ஒரு நாள், அதே நாள், அதே தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். எடை ஏறிக்கொண்டோ நிலையாகவோ இருந்தால் ஓடட்டும். இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினால் ஓட்டத்தை நிறுத்தி, அந்த எடைக் கணக்கை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மெலிவுக்கு வேறு காரணம் இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா, சளியை மறுபடி பார்க்க வேண்டுமா என்று அவர்கள் பார்ப்பார்கள். முதல் மாதம் அவள் ஓடும்போது நீங்களும் கூடப் போங்கள், மைதானத்தை நடந்து சுற்றுங்கள். அவளுடைய ஒரு நிமிட ஓட்டத்தையும் இரண்டு நிமிட நடையையும் யாராவது நேரம் பார்த்துச் சொல்ல வேண்டுமே.